பழைய காருக்கு ஐரோப்பிய ஹெட்லைட்: வாங்கும் முன் அம்புக்குறியைப் பாருங்கள்

சிங்கப்பூரின் லிம் சூ காங் சாலையில் ஓர் இரவு என் 1978 மினியை ஓட்டிக்கொண்டு போனேன். அன்று மாலைதான் புது ஹெட்லைட் ஜோடி மாட்டியிருந்தேன். எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் எனக்கு விளக்கை அடித்து அடித்துக் காட்டிவிட்டுப் போனது. தெரியாமல் ஹை பீம் போட்டுவிட்டேனோ என்று இரண்டு முறை பார்த்தேன். இல்லை, லோ பீம்தான். வீடு திரும்பி, கார்நிறுத்துமிடத்துச் சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இடது பக்கம் ஏற வேண்டிய வெளிச்சம் வலது பக்கம் ஏறியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த அந்த அருமையான கண்ணாடி விளக்குகள், சாலையின் வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்காகச் செய்தவை. எதிரே வந்தவர்களின் கண்ணுக்கு நேராக நான் வெளிச்சத்தை வீசிக்கொண்டு போயிருக்கிறேன்.

விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் கேட்கவில்லை. முதல்முறை பழைய காருக்கு ஹெட்லைட் மாற்றப் போகிறவர்கள் அந்த இடத்தில் இடறிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஐரோப்பிய விளக்கு என்றால் என்ன

நம் ஊர்க் கடைகளில் ‘யூரோ லைட்’ என்று கேட்டால், சில சமயம் கறுப்பு உள்பக்கமும் பல்பைச் சுற்றி ஒளி வளையமும் உள்ள அலங்கார விளக்கை எடுத்துக் காட்டுவார்கள். நாம் பேசுவது அதைப் பற்றி இல்லை.

1960, 70களின் பல கார்களில் இருந்தது ‘சீல்டு பீம்’ விளக்கு. கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை மூன்றும் சேர்த்து மூடப்பட்ட ஒரே உருண்டை. இழை அறுந்தால் விளக்கையே தூக்கிப் போட வேண்டும். அமெரிக்காவில் 1940 முதல் 1983 வரை இந்த வகையை மட்டும்தான் சட்டம் அனுமதித்தது. அதன் லோ பீம் ஒரு மங்கலான மேகம் போலப் பரவும். எங்கே வெளிச்சம் முடிகிறது, எங்கே இருட்டு தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

ஐரோப்பிய விளக்கில் பல்பு தனி. சுவரில் அடித்துப் பார்த்தால், கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே நல்ல வெளிச்சம், மேலே இருட்டு. சாலையோரப் பக்கம் மட்டும் அந்தக் கோடு சுமார் 15 பாகை சாய்வாக மேலேறும். நடந்து போகிறவரும் சாலைப் பலகையும் அந்த ஏற்றத்தில்தான் நமக்குத் தெரிகிறார்கள். எதிரே வருகிறவரின் பக்கம் கோடு தட்டையாகத் தாழ்ந்திருக்கும், அவருக்குக் கண் கூசாது. இந்த விளக்கின் சிறப்பு பிரகாசத்தைவிட இந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கோடு தவறான பக்கம் ஏறினால், சாதாரண விளக்கைவிட அது அதிகத் தொல்லை கொடுக்கும்.

முதலில் உங்கள் வண்டியைத் திறந்து பாருங்கள்

கடைக்கோ இணையத்துக்கோ போகும் முன் விளக்கைச் சுற்றியுள்ள குரோம் வளையத்தைக் கழற்றி, விளக்கை வெளியே எடுத்துப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரும் அரை மணி நேரமும் போதும்.

அளவை எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றை உருண்டை விளக்கு என்றால் பெரும்பாலும் 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர். மினி, மோரிஸ் மைனர், எம்ஜிபி, பழைய லேண்ட் ரோவர் எல்லாம் இந்த அளவுதான். பக்கத்துக்கு இரண்டு உருண்டை இருந்தால் அவை 5¾ அங்குலம், 146 மில்லிமீட்டர். சதுர விளக்குகளிலும் பொதுவான அளவுகள் உண்டு. பெரியது 200க்கு 142, சிறியது 165க்கு 100 மில்லிமீட்டர். இந்த நான்கில் ஒன்று என்றால் உங்களுக்கு வேலை சுலபம், உலகம் முழுக்கக் கிடைக்கும். அந்தந்த மாடலுக்கென்று தனி வடிவத்தில் வந்த விளக்கு என்றால், உதிரிபாக எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும்.

அப்புறம், பின்பக்கம். மூன்று தகட்டு முனை உள்ள பிளக் என்றால் எச்4 என்ற இரட்டை இழை ஹாலஜன் பல்பும் அதே பிளக்கில் ஏறும். வயரிங்கில் எதையும் வெட்ட வேண்டாம். ஏற்கெனவே தனி பல்பு இருந்தால் அதன் அடித்தளத்தைப் பாருங்கள். பழைய ஐரோப்பிய கார்களில் ஆர்2 என்ற 45/40 வாட் (ஹை பீமுக்கு 45, லோ பீமுக்கு 40) பல்பு இருக்கும். அதன் அடித்தளம் பி45டி. எச்4 பல்பின் அடித்தளம் பி43டி. இரண்டும் பார்க்க ஒன்று போலிருக்கும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது சரியாக உட்காராது. அழுத்தி உட்காரவைத்தால் இழை இடம் மாறி, அந்தக் கோடே கலைந்துவிடும்.

மின்னழுத்தத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். 1967க்கு முந்தைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில்கள் பல 6 வோல்ட். பழைய பிரிட்டிஷ் கார் என்றால் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கலாம். சாதாரண இழை பல்புக்கு அது ஒரு பொருட்டில்லை. மின்னணுச் சுற்று உள்ள எதையும் வாங்கும் முன் அது முக்கியம்.

விளக்கு உட்காரும் கிண்ணத்தையும் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது அடியில் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். விளக்கோடு சேர்த்துக் கிண்ணத்தையும் ரப்பர் வளையத்தையும் வாங்கிவிட்டால் இரண்டாம் முறை கப்பல் செலவு மிச்சம்.

கண்ணாடியில் பொறித்திருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். விற்பவர் என்ன சொன்னாலும் கண்ணாடி பொய் சொல்லாது. விளம்பரப் படத்தில் எழுத்துகள் தெரியவில்லை என்றால், கண்ணாடியின் நேர் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளின்படி சோதித்து ஒப்புதல் பெற்றது என்பதன் அடையாளம் அது. எண், ஒப்புதல் கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன், 43 ஜப்பான். செய்த நாடு வேறாக இருக்கலாம். தைவானில் செய்த விளக்கில் நெதர்லாந்தின் 4 இருந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அதன் பக்கத்தில் எழுத்துகள். ‘சி’ என்றால் லோ பீம், ‘ஆர்’ என்றால் ஹை பீம், முன்னால் ‘எச்’ வந்தால் ஹாலஜன் பல்புக்கு உரியது. ஆக ‘எச்சிஆர்’ என்று இருந்தால் ஹாலஜனில் இரண்டு பீமும் தருகிற விளக்கு, நமக்கு வேண்டியது. ‘டிசி’, ‘டிஆர்’ என்று இருந்தால் அது எச்ஐடி என்று நாம் சொல்லும் வாயு விளக்குக்கானது, பழைய காருக்கு வேண்டாம். ‘பிஎல்’ என்றால் முன்பக்கம் பிளாஸ்டிக். பழைய காருக்கு முடிந்தவரை கண்ணாடியே வாங்குங்கள். திறந்தவெளியில் நிறுத்துகிற வண்டியில் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளித்துப் போகும். கண்ணாடிக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போது அம்புக்குறி. இதைக் கவனிக்காமல்தான் நான் ஏமாந்தேன். விளக்குக்கு நேர் எதிரே நின்று பாருங்கள். உங்கள் வலப்பக்கத்தைக் காட்டும் ஓர் அம்பு இருந்தால், அது சிங்கப்பூர் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. குழம்ப வேண்டாம்: எதிரே நிற்கிற உங்களுக்கு வலம் என்றால் வண்டிக்கு இடம். இரு முனையும் கூரான அம்பு என்றால் இரண்டு வகைப் போக்குவரத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். அம்பே இல்லை என்றால், அது வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு மட்டுமே. ‘குறி எதுவும் இல்லையே, அப்போ எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்றுதான் நான் நினைத்தேன். உண்மை அதற்கு நேர் எதிர்.

வலப்பக்க விளக்கை வாங்கிவிட்டு, கண்ணாடியைத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். உருண்டை விளக்கின் பின்னால், கிண்ணத்தில் பொருந்தும் மூன்று மேடுகள் அதை ஒரே விதமாகத்தான் உட்கார விடும். கண்ணாடியின் வரிகளும் அந்த ஒரு நிலைக்காகவே வார்க்கப்பட்டவை. கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிப்பது, கடல் தாண்டி ஒரு வாரம் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கான ஏற்பாடு. உங்கள் வண்டி நாள்தோறும் இங்கே ஓடப் போகிறது.

‘டாட்’ அல்லது ‘எஸ்ஏஇ’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது அமெரிக்க விளக்கு. அதையும் ஒதுக்கிவிடலாம்.

சட்டமும் பரிசோதனையும்

பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹெட்லைட் சாய்வையும் அங்கே கருவி வைத்துப் பார்ப்பார்கள். என் தவறான ஜோடியைக் கழற்றிவிட்டுத்தான் நான் போனேன். வேறொரு நண்பர் அப்படியே கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு முறை அலைந்தார்.

ஹாலஜன் விளக்குக்குள் எச்ஐடி பொருத்துவதை நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிப்பதில்லை. எச்4 இடத்தில் சொருகும் எல்இடி பல்புகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் ஒரு மெல்லிய இழை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் எரிவதாகக் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. வேறு வடிவத்தில் வெளிச்சம் வந்தால் கோடு உடைந்து எதிரே வருகிறவர் முகத்தில் சிதறும். 100/90 வாட் பல்பும் வேண்டாம். நாற்பது வருட வயரும் பிளக்கும் அந்தச் சூட்டைத் தாங்காமல் உருகும். நல்ல பெயருள்ள 60/55 வாட் பல்பு போதும், நிஜமாகவே போதும்.

ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் எந்த மாற்றத்துக்கு அனுமதி தேவை, எது கூடவே கூடாது என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வாங்கும் முன் படியுங்கள். வாங்கப் போகும் விளக்கின் படத்தை, நீங்கள் வழக்கமாகப் போகும் பரிசோதனை நிலையத்தில் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எங்கே தேடுவது

இடப்பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து தொடங்குங்கள்: பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், மலேசியா, இந்தியா. ஜெர்மன் விற்பனையாளரிடம் வாங்கக் கூடாது என்றில்லை. ஹெல்லா, பாஷ் போன்ற நிறுவனங்கள் இரண்டு வகையும் செய்திருக்கின்றன. உதிரிபாக எண் மட்டும் வேறு. ஆனால் அங்கே கடையில் கைக்கு எட்டுகிற ஜோடி பெரும்பாலும் அந்த ஊருக்கானதாகத்தான் இருக்கும். பிரிட்டனின் லூக்காஸ், வைபாக், பிரான்சின் சிபியே, ஜப்பானின் கோய்ட்டோ, ஸ்டான்லி ஆகிய பெயர்களும் பழைய கார்க்காரர்களிடம் அடிக்கடி கேட்கும்.

உள்ளூரில் சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கம் உள்ள ஒர்க்‌ஷாப்புகளில் விசாரியுங்கள். தொலைபேசியில் கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். கழற்றிய விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போனால், மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டி இறங்கும். பழைய கார் வைத்திருக்கும் அண்ணன்மார்களிடம் பேச்சுக் கொடுப்பது இன்னும் நல்லது. ஒரு பொருளுக்காகப் பேசப் போய், வருஷக்கணக்கான சிநேகிதம் ஆகிவிடும்.

ஊருக்குப் போகிறவர்கள் சென்னை புதுப்பேட்டையை மறக்க வேண்டாம். அம்பாசடருக்கும் புல்லட்டுக்கும் 7 அங்குல விளக்கு அங்கே காலங்காலமாகக் கிடைக்கிறது. இந்தியாவும் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் கோடு சரியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். இருந்தாலும் ஈ முத்திரையும் அம்பும் உள்ளதாகத் தேடி எடுங்கள். என் மச்சான் போன தீபாவளிக்கு ஊரிலிருந்து வரும்போது ஒரு ஜோடியைப் புடவைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தார், ஒரு கீறல் இல்லை. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால் 500 வெள்ளி வரையிலான பொருளுக்குப் பொருள் சேவை வரி இல்லை. அதற்குக் குறைவான பயணம் என்றால், உதாரணமாக ஜோகூருக்குப் போய் அன்றே திரும்பினால், 100 வெள்ளி வரைதான். தபாலில் வரவழைத்தால் 9 விழுக்காட்டு வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். அது முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்ன வேண்டும். பழுப்பேறியிருந்தாலோ அடியில் புள்ளி புள்ளியாக உரிந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். துடைத்துச் சரிசெய்ய முடியாது, துணி பட்டால் மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். எப்போதும் ஜோடியாக வாங்குங்கள். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, இரண்டையும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பிரிக்கும்போது கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் முன் வயரிங்

பலர் விளக்கைக் குறை சொல்கிறார்கள். குறை வயரில் இருக்கும். என் மினியில் ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் தனி சுவிட்ச், கிடையாது. மின்சாரம் முழுதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போய், ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்ச் தண்டு வழியாகத் திரும்பி, அப்புறம்தான் பல்புக்கு வரும். வழியில் உள்ள ஒவ்வொரு பழைய இணைப்பும் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கிவிடும். பல்புக்கு வரும் வோல்ட் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைகிறது.

ஒரு மல்ட்டிமீட்டர் எடுங்கள். எஞ்சின் ஓட, லோ பீம் எரிய, பேட்டரியில் எவ்வளவு, பல்பு பிளக்கில் எவ்வளவு என்று பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் இரண்டு ரிலே போடுங்கள், லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. ரிலேயின் 30ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர், 87இலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் வயர் 86க்கு, 85 பாடிக்கு. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பல்பிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும் புதிதாகப் போடுங்கள். கைப்பழக்கம் இல்லை என்றால் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள், அவருக்கு இது அரை நாள் வேலை.

விரைவுச்சாலையில் மட்டும் ஓடுகிற வண்டி என்றால், அங்கே விளக்குக் கம்பங்களே பகல் போல ஆக்கிவிடுகின்றன. முதலில் வயரிங்கைச் சரிசெய்து பாருங்கள், விளக்கு மாற்றும் அவசியமே இல்லாமல் போகலாம். நியோ தியூ, லிம் சூ காங் பக்கம் போகிறவர்களும், இரவில் கோத்தா திங்கி வழியாக மெர்சிங் போகிறவர்களும் விளக்கையும் மாற்றுங்கள்.

பல்பை மாட்டும்போது அதன் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துவிடுங்கள். பின்னால் வரும் ரப்பர் மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். மழைக்காலத்தில் உள்ளே நீர் கோத்துக்கொள்வது அந்த இடைவெளி வழியாகத்தான். சில ஐரோப்பிய விளக்குகளில் சின்ன பார்க்கிங் பல்புக்கும் ஓர் ஓட்டை இருக்கும். உங்கள் வண்டிக்கு அது தேவையில்லை என்றால் ரப்பர் அடைப்பு வைத்து மூடிவிடுங்கள்.

சுவரில் கோடு போட்டுப் பாருங்கள்

கூட்டமில்லாத நேரம் பார்த்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில், தரை சமமாக உள்ள ஒரு தளத்துக்குப் போங்கள். மினி போன்ற தாழ்ந்த வண்டிக்கு ஓரத்துக் கைப்பிடிச் சுவரின் உயரமே போதும். டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வையுங்கள். முதலில் சுவரை ஒட்டி நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் நடுப்புள்ளிக்கும் நேராகச் சுவரில் டேப்பால் ஒரு சிலுவைக்குறி போடுங்கள். பிறகு விளக்குக்கும் சுவருக்கும் 5 மீட்டர் இருக்கும்படி வண்டியை நேராகப் பின்னெடுங்கள்.

லோ பீம் போட்டு, ஒரு விளக்கைத் துணியால் மூடி மற்றதைப் பாருங்கள். கோட்டின் தட்டையான பகுதி சிலுவையின் நடுவுக்கு 5 சென்டிமீட்டர் கீழே வர வேண்டும். அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் தாழ்வு. தட்டையான பகுதி வலப்பக்கமும், மேலேறும் பகுதி இடப்பக்கமும் இருக்க வேண்டும். மேலேற்றம் சிலுவையின் செங்குத்துக் கோட்டில் தொடங்க வேண்டும். விளக்கின் விளிம்பில் இரண்டு திருகுகள் இருக்கும், ஒன்று மேல்கீழ், மற்றது இடவலம். கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். பின்னிருக்கையில் அடிக்கடி ஆள் ஏறுகிற வண்டி என்றால், அவர்களை ஏற்றிவைத்தும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு உயரும்.

பரிசோதனைக்குப் போகும் முன் ஒர்க்‌ஷாப்பில் கருவியிலும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய விளக்குகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, புது விளக்கு வந்த அதே பெட்டியில் வைத்து, இடது வலது என்று மேலே எழுதிவிடுங்கள். வண்டியை விற்கும் நாள் வந்தால், வாங்க வருகிறவர் அவற்றைக் கேட்பார்.